பெட்டி சிறுக்கச் சிறுக்க சூடு எங்கே போகும்?

65 வாட் மடிக்கணினி சார்ஜர் ஒன்றை ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓட விட்டு, அப்புறம் தொட்டுப் பாருங்கள். சுடும். ஒரு காலத்தில் செங்கல் மாதிரி இருந்த அதே 65 வாட் இன்று உள்ளங்கைக்குள் அடங்குகிறது, சரி, ஆனால் சூடு மட்டும் போன பாடில்லை. ஒரு மின்னழுத்தத்தை இன்னொன்றாக மாற்றித் தருவதுதான் கன்வெர்ட்டர், சார்ஜரும் அதில் ஒரு வகை. அதைச் சிறிதாக்குவது பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் அதிர்வெண்ணை, அதாவது உள்ளே இருக்கும் சுவிட்ச் நொடிக்கு எத்தனை முறை திறந்து மூடுகிறது என்பதை, சொல்வார்கள், இல்லையென்றால் 'கேன்' என்று செல்லமாக அழைக்கப்படும் காலியம் நைட்ரைடு என்ற குறைக்கடத்தியைச் சொல்வார்கள். இரண்டும் முக்கியம்தான். ஆனாலும் நான் பெட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் கடைசித் தீர்ப்பு அதனுடையது.

5 செ.மீ நீளம், 5 செ.மீ அகலம், 3 செ.மீ உயரம் என்று ஒரு பெட்டியை வைத்துக்கொள்வோம். கன அளவு 75 கன செ.மீ, வெளிப்பரப்பு 110 சதுர செ.மீ. விசிறி கிடையாது. சுற்றியிருக்கும் காற்று சூடாகி மேலே போவதாலும் கதிர்வீச்சாலும் வெளியேறுகிற வெப்பம் மட்டும்தான். இப்படிப்பட்ட பெட்டியிலிருந்து, சுற்றுப்புறத்தைவிட ஒவ்வொரு டிகிரி கூடுதலுக்கும், சதுர மீட்டருக்குச் சுமார் 10 வாட் வெளியேறும் என்பது தோராயக் கணக்கு. பயனுறுதிறன், அதாவது உள்ளே போகிற மின்திறனில் வெளியே வருகிற பங்கு, 93 சதவீதம் என்றால், 65 வாட்டை வெளியே கொடுப்பதற்குள் 4.9 வாட் உள்ளேயே வெப்பமாகிவிடும். அந்த 4.9 வாட்டை வெளியே தள்ள, பெட்டியின் மேல்தோல் அறையைவிட 45 டிகிரி கூடுதலாகச் சுட வேண்டும். அறை 30 டிகிரி என்றால் பெட்டி 75. பயனுறுதிறன் 90 ஆக இறங்கினால் இழப்பு 7.2 வாட், பெட்டி 95 டிகிரியைத் தாண்டும். அதை யார் கையில் கொடுப்பது?

இப்போது அந்தப் பெட்டியின் கன அளவைப் பாதியாக்குங்கள். வெளிப்பரப்பு 0.63 மடங்காகிறது. அதே 45 டிகிரிக்குள் நிற்க வேண்டுமென்றால் இனி 3.1 வாட்தான் இழக்கலாம், அதாவது பயனுறுதிறன் 95.4 சதவீதம். இன்னொரு முறை பாதியாக்கினால் ஏறக்குறைய 2 வாட், 97 சதவீதம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு 93-க்கும் 97-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, வெறும் நாலு சதவீதம் என்று போய்விடுவார். உள்ளே உட்கார்ந்து செய்பவருக்கு அது 4.9 வாட் இழப்பை 2 வாட்டாக்குகிற வேலை. அதனால்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் பயனுறுதிறனைப் பற்றிப் பேசினாலும் மனதுக்குள் இழப்பைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார்கள். 98-லிருந்து 99-க்குப் போவது என்றால் இழப்பைச் சரிபாதியாக வெட்டுவது, அதற்கு ஒரு வருடம் போனாலும் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

அடிப்படையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கி 2 ஆம்பியர் கொடுக்க வேண்டும். பழைய லீனியர் ரெகுலேட்டர் மிச்சமுள்ள 7 வோல்ட்டைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு 14 வாட்டை எரிக்கும்; சுமைக்குப் போவது 10 வாட். கொடுப்பதைவிட எரிப்பது அதிகம். ஸ்விட்சிங் கன்வெர்ட்டர் வேறு வழி பிடிக்கிறது: சுவிட்ச் முழுதாகத் திறந்திருக்கும், இல்லை முழுதாக மூடியிருக்கும். மூடியிருக்கும்போது அதன்மேல் மின்னழுத்தம் இல்லை, திறந்திருக்கும்போது அதன் வழியாக மின்னோட்டம் இல்லை, ஆக இரண்டு நிலையிலும் பெருக்கினால் பூஜ்யம். 12 வோல்ட்டை நேரத்தில் 42 சதவீதம் மட்டும் இணைத்து, மிச்ச நேரம் துண்டித்து, வருகிற வெட்டு வெட்டான மின்னழுத்தத்தை ஒரு இன்டக்டரும் (ஆற்றலைத் தேக்கும் கம்பிச் சுருள்) கெப்பாசிட்டரும் (மின்தேக்கி) சமப்படுத்தினால் 5 வோல்ட். கொள்கையளவில் இழப்பே கிடையாது. மிச்சக் கட்டுரை முழுவதும் அந்தக் 'கொள்கையளவில்' பற்றியதுதான்.

சமப்படுத்தும் வேலையை இன்டக்டர் செய்வதால் அதன் அளவு அதிர்வெண்ணைப் பொறுத்தது. மேலே சொன்ன கணக்கில் மின்னோட்ட அலைவை 0.6 ஆம்பியருக்குள் வைக்க, 100 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 49 மைக்ரோஹென்றி வேண்டும். 1 மெகாஹெர்ட்ஸில் 4.9 போதும். ஒரு சுழற்சியில் தேக்கி வைத்துக் கொடுக்க வேண்டிய ஆற்றல் பத்தில் ஒன்றாகிறது, அவ்வளவுதான் விஷயம். டிரான்ஸ்ஃபார்மருக்கும் இதே நியாயம். 50 ஹெர்ட்ஸில் ஓடும் இரும்பு டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கியவர்களுக்கு அதன் கனம் தெரியும். 1977-இல் வந்த ஆப்பிள் 2 கணினிக்கு ராட் ஹோல்ட் ஸ்விட்சிங் பவர் சப்ளை வடிவமைத்ததால் அது இலகுவாக, விசிறியே இல்லாமல் ஓடியது. ஸ்விட்சிங் அதற்கு முன்பே விண்வெளிக் கலங்களிலும் பெரிய கணினிகளிலும் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் ஒரே ஆள் கண்டுபிடித்த கதையாகிவிடும்.

அப்படியானால் அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போகலாமே? புதிதாகப் படிக்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி. நானும் கேட்டேன்.

50 ஹெர்ட்ஸிலிருந்து 100 கிலோஹெர்ட்ஸ் என்பது 2000 மடங்கு. டிரான்ஸ்ஃபார்மர் 2000 மடங்கு சிறிதாவதில்லை. முதல் காரணம், 100 கிலோஹெர்ட்ஸில் சிலிக்கான் எஃகைப் போட முடியாது, ஃபெரைட் என்ற காந்தப் பீங்கான் போட வேண்டும், அதன் காந்தச் செறிவு நிலை (அதற்கு மேல் காந்தமாகாத எல்லை) எஃகில் நாலில் ஒன்றுக்குப் பக்கம். அதைக்கூட முழுதாகப் பயன்படுத்த முடியாது, ஏனென்றால் அதற்கு முன்பே கோர் இழப்பு, அதாவது சுருளுக்கு நடுவில் இருக்கும் காந்தப் பொருளே சூடாவது, வந்து நிற்கும். 1892-இல் ஸ்டைன்மெட்ஸ் என்ற மின்பொறியாளர் கொடுத்த விதியின் இன்றைய வடிவப்படி கோர் இழப்பு அதிர்வெண்ணின் 1-க்கும் 2-க்கும் இடைப்பட்ட அடுக்கிலும், காந்தப் பாய அடர்த்தியின் 2-க்கும் 3-க்கும் இடைப்பட்ட அடுக்கிலும் ஏறுகிறது. எனவே அதிர்வெண்ணை ஏற்ற ஏற்ற, சூடு தாங்க, பாய அடர்த்தியை இறக்கிக்கொண்டே வர வேண்டும். ஒரு கட்டத்தில் ஏற்றத்தால் வந்த லாபத்தை இறக்கம் விழுங்கிவிடும். பல பவர் ஃபெரைட்டுகளுக்கு அந்த உச்சி சில நூறு கிலோஹெர்ட்ஸிலிருந்து ஒன்றிரண்டு மெகாஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. அதைத் தாண்டினால் கோர் மறுபடி பெரிதாக வேண்டும்.

செம்பும் சும்மா இருப்பதில்லை. 100 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் கம்பியின் மேல்தோலில் 0.2 மி.மீ ஆழத்துக்குத்தான் ஓடுகிறது, 1 மெகாஹெர்ட்ஸில் 0.07 மி.மீ கூட இல்லை. தடித்த கம்பி சுற்றினால் நடுவில் இருக்கும் செம்பு வெறும் கனம். போதாததற்குப் பக்கத்துச் சுற்றின் காந்தப்புலம் வந்து இந்தச் சுற்றின் மின்னோட்டத்தை ஒரு ஓரமாகத் தள்ளும். அடுக்குகள் கூடக் கூட இது படுமோசமாகும். மயிரிழை போன்ற காப்பிட்ட கம்பிகளை முறுக்கிச் செய்யும் லிட்ஸ் கம்பியும், பிசிபியின் (சர்க்யூட் போர்டின்) செம்புத் தடங்களையே சுற்றுகளாக்கும் பிளேனர் டிரான்ஸ்ஃபார்மரும் இதற்காகத்தான் வந்தன. பிளேனரில் எனக்குப் பிடித்த விஷயம் அதன் தட்டையான வடிவம்கூட இல்லை, ஆயிரமாவது டிரான்ஸ்ஃபார்மரும் முதலாவதைப் போலவே வரும் என்பதுதான். கையால் சுற்றியதில் அந்த நம்பிக்கை கிடையாது.

அடுத்தது சுவிட்ச். திறப்பதும் மூடுவதும் நேரமே எடுக்காமல் நடக்கிற மாதிரி வரைந்து காட்டுவோம், உண்மையில் அது சில பத்து நானோநொடி எடுக்கும், அந்த இடைவேளையில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே நேரத்தில் இருக்கும். 400 வோல்ட், 5 ஆம்பியர், திறக்க 30 நானோநொடி, மூட 30 நானோநொடி என்று போட்டால் ஒரு சுழற்சிக்கு 60 மைக்ரோஜூல். 100 கிலோஹெர்ட்ஸில் 6 வாட். 500 கிலோஹெர்ட்ஸில் 30 வாட். இன்டக்டரைச் சுருக்கி மிச்சம் பிடித்த இடத்தில் இப்போது சூட்டை வெளியேற்றும் உலோகக் கட்டி, ஹீட்சிங்க், வந்து உட்காரும். இதனோடு, திறந்திருக்கும் சுவிட்சின் உள் கெப்பாசிட்டன்ஸில் தேங்கிய ஆற்றல் ஒவ்வொரு முறை மூடும்போதும் சுவிட்சுக்குள்ளேயே எரிந்து போகும். 400 வோல்ட்டில் 100 பிகோஃபாரட் என்றால் 8 மைக்ரோஜூல், மெகாஹெர்ட்ஸில் அது மட்டுமே 8 வாட்.

இங்கேதான் இந்தத் துறையின் அழகான தந்திரம் ஒன்று வருகிறது. சுவிட்சை மூடுவதற்கு முன்னால், சர்க்யூட்டில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் இன்டக்டர் மின்னோட்டத்தை வைத்தே அந்தக் கெப்பாசிட்டன்ஸைக் காலி செய்துவிட்டு, மின்னழுத்தம் பூஜ்யத்தைத் தொட்ட பிறகு மூடினால் எரிய ஒன்றும் இருக்காது. ஜீரோ வோல்டேஜ் ஸ்விட்சிங் என்பார்கள். எல்.எல்.சி ரெசனன்ட் என்ற வகைக் கன்வெர்ட்டர் இதை இயல்பாகவே செய்யும். சார்ஜர்களில் வரும் ஆக்டிவ் கிளாம்ப் ஃபிளைபேக் என்ற இன்னொரு வகை, டிரான்ஸ்ஃபார்மரின் கசிவுத் தூண்டலில் வீணாகும் ஆற்றலையும் திருப்பி எடுத்து, அதைக் கொண்டே சுவிட்சைப் பூஜ்யத்துக்கு இறக்கும். இலவசம் கிடையாது: இதற்கென்று கூடுதலாக ஒரு மின்னோட்டம் உள்ளேயே சுற்றி வர வேண்டும், அது செம்பில் இழப்பு. சுமை குறைவாக இருக்கும்போதும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். முழுச் சுமையில் 96 காட்டும் கன்வெர்ட்டர் பத்து சதவீதச் சுமையில் 80-க்கு விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். விளம்பரத்தில் வருவது அந்த வளைகோட்டின் உச்சிப் புள்ளி மட்டும்.

சரி, கேன். சிலிக்கானோடு ஒப்பிட்டால் காலியம் நைட்ரைடும் சிலிக்கான் கார்பைடும் ஏறக்குறைய பத்து மடங்கு வலிமையான மின்புலத்தைத் தாங்கும். சுவிட்ச் மூடியிருக்கும்போது அதன் மின்தடை எவ்வளவு சிறிதாக முடியும் என்பதற்கு ஜெயந்த் பாலிகா 1982-இல் ஒரு அளவுகோல் கொடுத்தார், அதில் இந்த மின்புலம் மூன்றாம் அடுக்கில் வருகிறது. பத்து மடங்கு புலம் என்றால் தாளில் ஆயிரம் மடங்கு. உண்மைப் பொருள்களில் அவ்வளவு கிடைப்பதில்லை, ஆனாலும் அதே தடைக்கு மிகச் சிறிய சில்லு, அதனால் மிகச் சிறிய கெப்பாசிட்டன்ஸ், அதனால் வேகம். கேனில் இன்னொரு கொடுப்பினை, சிலிக்கான் மாஸ்ஃபெட் என்ற வழக்கமான சுவிட்சின் உடலுக்குள்ளேயே இருக்கும் டயோடில் வருகிற ரிவர்ஸ் ரெகவரி மின்னேற்றம் (டயோடு அணையும்போது ஒரு கணம் தலைகீழாக ஓடும் மிச்சம்) இதில் இல்லை. டோட்டம் போல் பி.எஃப்.சி என்று, வீட்டு மின்சாரத்திலிருந்து மின்னோட்டத்தைச் சீரான அலையாக இழுக்க வைக்கும் (பவர் ஃபேக்டர் கரெக்ஷன்) சர்க்யூட் ஒன்றைத் தாளில் எல்லோருக்கும் தெரியும், சிலிக்கானை வைத்துத் தொடர் மின்னோட்ட முறையில் ஓட்டினால் அந்த டயோடு காரணமாகவே எரியும் அல்லது சுடும். கேன் வந்த பிறகு அது சாதாரணமாகிவிட்டது. சிலிக்கான் கார்பைடு 650 வோல்ட்டிலிருந்து 1200 வோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள இடங்களில் நிற்கிறது. 2017-இல் வந்த டெஸ்லா மாடல் 3-இன் இன்வெர்ட்டரில் அது இடம் பிடித்தது.

ஆனால் பழைய போர்டில் சிலிக்கானைக் கழற்றி கேனைப் போட்டால் பெட்டி சிறிதாகிவிடாது. கொஞ்சம் சூடு குறையும், அவ்வளவுதான். வேகத்தைப் பயன்படுத்த சர்க்யூட், காந்தப் பாகங்கள், லேஅவுட் எல்லாவற்றையும் மறுபடி யோசிக்க வேண்டும். வேகத்துக்கு விலையும் உண்டு. 10 நானோஹென்றி தூண்டலில் 10 ஆம்பியர் 5 நானோநொடியில் மாறினால் 20 வோல்ட் எழும்பும். பத்து நானோஹென்றி என்பது ஒரு சென்டிமீட்டர் மெல்லிய தடம்தான். கேன் சுவிட்சைத் திறந்து மூடக் கட்டளையிடும் முனையான கேட் ஒன்றரை வோல்ட்டில் விழித்துக்கொள்ளும், 7 வோல்ட்டைத் தாண்டினால் பல வகைகள் செத்துப் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓட்ட வேண்டும்.

நான் முதலில் செய்த பக் கன்வெர்ட்டர் (மின்னழுத்தத்தை இறக்கும் வகை) போர்டு இந்தப் பாடத்தை எனக்கு நன்றாகவே சொல்லிக் கொடுத்தது. உள்ளே வருவது 24 வோல்ட், போட்டது 40 வோல்ட் மாஸ்ஃபெட், தாராளமான இடைவெளி என்று நினைத்தேன். ஒரு திருகு ஓட்டை குறுக்கே வந்ததால் உள்ளீட்டு செராமிக் கெப்பாசிட்டரை இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி வைத்தேன். போர்டு ஓடியது. சுமையை ஏற்றினால் மட்டும் மாஸ்ஃபெட் சாகும். ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால் எங்கும் ஒரே அலைக்கழிப்பு, எது உண்மை எது பொய் என்றே தெரியவில்லை, ஏனென்றால் புரோபின் நீண்ட கிரவுண்ட் வயரே ஒரு வளையமாக நின்று சத்தத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு, புரோபின் முனையில் சின்ன ஸ்பிரிங்கைச் சுற்றி அளந்தபோதுதான் உண்மை தெரிந்தது: ஒவ்வொரு சுழற்சியிலும் 45 வோல்ட்டைத் தொடும் முள் போன்ற மின்னழுத்த எழுச்சி. கெப்பாசிட்டரை மாஸ்ஃபெட்டின் காலடியில், 3 மி.மீ தள்ளி வைத்ததும் முள் 30-க்குக் கீழே போய்விட்டது. அன்றிலிருந்து நான் போர்டு வரையும்போது முதலில் வைப்பது அந்தக் கெப்பாசிட்டரைத்தான். திருகு ஓட்டை வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

வேகமாக மாறுகிற மின்னழுத்தம் பக்கத்து ரேடியோவையும் மின்கம்பி வழியாக மற்ற கருவிகளையும் தொந்தரவு செய்யும், அதனால் அந்தத் தொந்தரவை வடிகட்டும் இ.எம்.ஐ ஃபில்டர். இதைப் பற்றி வெளியே யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் ஒரு சார்ஜரைப் பிரித்துப் பார்த்தால் பிளக் பக்கம் கணிசமான இடத்தை மஞ்சள் பெட்டிக் கெப்பாசிட்டரும் சோக் சுருளும் பிடித்துக்கொண்டிருக்கும். கம்பி வழித் தொந்தரவுக்குச் சிஸ்பர் என்ற சர்வதேசக் குழு வைத்த வரம்புகள் 150 கிலோஹெர்ட்ஸில் தொடங்குகின்றன. சந்தையில் எத்தனையோ கன்ட்ரோலர் ஐசிகள் 65 கிலோஹெர்ட்ஸில் ஓடுகின்றன, ஏன் அந்த எண் என்று யோசித்ததுண்டா? 65-இன் இரண்டாம் மடங்கு 130, வரம்புக்கு வெளியே. மூன்றாம் மடங்கு 195-தான் முதன்முதலாக அளவுகோலுக்குள் வருகிறது, அதற்குள் அது வலு குறைந்திருக்கும். 140-இல் ஓடுகிற கன்வெர்ட்டரை 200-க்கு ஏற்றினால் அடிப்படை அதிர்வெண்ணே முழு வலுவோடு உள்ளே நுழைந்துவிடும், ஃபில்டர் பெரிதாகும், டிரான்ஸ்ஃபார்மரில் பிடித்த லாபம் அங்கே போகும். ஏற்றுவதென்றால் பல நூறு கிலோஹெர்ட்ஸுக்கு ஒரே தாவாகத் தாவ வேண்டும், நடுவில் நிற்பது நஷ்டம். விதிகள் பெட்டியின் அளவைத் தீர்மானிக்கும் இன்னொரு இடமும் உண்டு: ஐஇசி 61000-3-2 என்ற சர்வதேச மின்தரம், பொதுவாக 75 வாட்டுக்கு மேல் இழுக்கும் கருவிகளுக்குத்தான் மின்னோட்டத்தின் ஹார்மோனிக்குகளுக்கு (மின்சார அதிர்வெண்ணின் மடங்குகளுக்கு) வரம்பு வைக்கிறது. அதற்குக் கீழே பவர் ஃபேக்டர் கரெக்ஷன் என்ற முழு அடுக்கையே விட்டுவிடலாம். 65 வாட் சார்ஜர் அத்தனை குட்டியாக இருப்பதற்கும், 100 வாட் சார்ஜர் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருப்பதற்கும் இதில் பங்கு உண்டு.

அதிர்வெண்ணால் தொடவே முடியாத ஒரு விஷயமும் இருக்கிறது. அதைப் புரிய வைக்க லிட்டில் பாக்ஸ் சேலஞ்சைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கூகுளும், மின்பொறியாளர் அமைப்பான ஐட்ரிபிள்ஈயின் பவர் எலெக்ட்ரானிக்ஸ் சொசைட்டியும் 2014-இல் அறிவித்த போட்டி, பரிசு 10 லட்சம் டாலர். 2 கிலோவாட் இன்வெர்ட்டர், உள்ளே 450 வோல்ட் டிசி, வெளியே 240 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் ஏசி, கன அங்குலத்துக்குக் குறைந்தது 50 வாட், பயனுறுதிறன் 95-க்கு மேல், பெட்டியின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. அந்த 60 டிகிரி நிபந்தனையை வைத்தவர் விஷயம் தெரிந்தவர். அது இல்லாவிட்டால் எல்லோரும் ஒரு தீக்குச்சிப் பெட்டியைக் கொதிக்கவிட்டுக் கொண்டுவந்திருப்பார்கள். 2016-இல் பெல்ஜியத்தின் ரெட் எலெக்ட்ரிக்கல் டெவில்ஸ் அணி கன அங்குலத்துக்கு ஏறக்குறைய 143 வாட்டோடு ஜெயித்தது. கேட்டது 655 கன செ.மீ, கொடுத்தது சுமார் 230.

அங்கே எல்லா அணிகளையும் வாட்டிய பிரச்சினை சுவிட்ச் இல்லை. ஒற்றைக் கட்ட ஏசியில் மின்திறன் நொடிக்கு 120 முறை பூஜ்யத்துக்கும் 4 கிலோவாட்டுக்கும் இடையில் ஆடுகிறது. டிசி பக்கமோ ஒரே சீராக 2 கிலோவாட் கொடுக்க விரும்புகிறது. இரண்டுக்கும் நடுவில் யாராவது வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 5.3 ஜூல். ஸ்விட்சிங்கை ஒரு மெகாஹெர்ட்ஸ் ஆக்கினாலும் பத்து ஆக்கினாலும் இந்த 5.3 ஜூல் ஒரு துளி குறையாது, ஏனென்றால் அது வெளியே இருக்கும் 60 ஹெர்ட்ஸிலிருந்து வருகிறது. வழக்கமான வழி, டிசி பக்கத்தில் பெரிய எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். ஆனால் டிசி மின்னழுத்தம் மூன்று சதவீதத்துக்கு மேல் ஆடக் கூடாது. முழுச் சுமையில் அந்த 450 வோல்ட் 400-க்குப் பக்கம் இறங்கிவிடும்; 400 வோல்ட்டில் 12 வோல்ட் ஆட்டம் என்றால் 1100 மைக்ரோஃபாரட் வேண்டும், அதற்குள் எப்போதும் 88 ஜூல் தூங்கும், அதில் 5.3 மட்டும் வேலை செய்யும். மிச்சம் 94 சதவீதம் சும்மா உட்கார்ந்து இடத்தைப் பிடிக்கும். முன்னணி அணிகள் இதை உடைத்த விதம், கெப்பாசிட்டரை டிசி கம்பியிலிருந்து பிரித்து, நடுவில் இன்னொரு சின்ன கன்வெர்ட்டரை வைத்து, கெப்பாசிட்டரின் மின்னழுத்தத்தைத் தாராளமாக ஆட விடுவது. 200-க்கும் 400-க்கும் இடையில் ஆட விட்டால் 88 மைக்ரோஃபாரட் போதும். பன்னிரண்டில் ஒரு பங்கு. நடுவில் வைத்த கன்வெர்ட்டரும் இடம் பிடிக்கும், இழக்கும், அதனால் இது எப்போதும் லாபம் என்று சொல்ல முடியாது. சாதாரண சார்ஜருக்குள் அந்த உருண்டைக் கெப்பாசிட்டர் இன்னும் நின்றுகொண்டிருப்பது அதனால்தான். மூன்று கட்ட மின்சாரத்தில் மூன்று ஆட்டங்களும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும், இந்தத் தொல்லையே கிடையாது.

அந்தப் போட்டியின் இறுதிச் சுற்றில் இல்லினாய் பல்கலைக்கழக அணி ஏழு நிலை ஃபிளையிங் கெப்பாசிட்டர் சர்க்யூட்டை, அதாவது இடையிடையே கெப்பாசிட்டர்களை வைத்து மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் சர்க்யூட்டை, கொண்டுவந்தது. ஒரே கன அளவில் கெப்பாசிட்டரில் தேக்கக்கூடிய ஆற்றல் இன்டக்டரில் தேக்குவதைவிடப் பல நூறு மடங்கு. அப்படியிருக்க வேலையை ஏன் இன்டக்டருக்குக் கொடுக்க வேண்டும்? மின்னழுத்தத்தை ஆறு சின்னப் படிகளாக உடைத்தால் இன்டக்டர் பார்க்கும் படி ஆறில் ஒன்று, அது பார்க்கும் அதிர்வெண் ஆறு மடங்கு, ஆக இன்டக்டர் 36-இல் ஒரு பங்கு. பதிலுக்குப் பன்னிரண்டு சுவிட்ச், பன்னிரண்டு கேட் டிரைவர். ஆள் கூடினால் வேலை எளிது, மேய்ப்பதுதான் கஷ்டம். இதில் போடும் செராமிக் கெப்பாசிட்டர்களும் வெளியே சொல்கிற எண்ணை நம்பத்தக்கவை அல்ல. 22 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் என்று எழுதியிருக்கும் குட்டிக் கெப்பாசிட்டரில் 12 வோல்ட் கொடுத்ததும் பாதிக்கு மேல் காணாமல் போவது சாதாரணம். டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் அது இருக்காது, உள்ளே ஒரு வளைகோட்டில் இருக்கும். மாஸ்ஃபெட்டின் மின்தடையும் அப்படித்தான், முதல் பக்கத்தில் 25 டிகிரிக்கு எழுதியிருப்பார்கள், 150 டிகிரியில் அது இரண்டு மடங்கைத் தாண்டும். சுடச் சுடத் தடை கூடும், தடை கூடக் கூடச் சுடும்.

கணினிச் சில்லுகளுக்கு மின்சாரம் கொடுப்பவர்களின் கவலை வேறு. 1 வோல்ட்டில் 1000 ஆம்பியர் என்றால், வழியில் ஒரு ஓமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே 100 வாட் போச்சு. அங்கே கன்வெர்ட்டர் சிறிதாக வேண்டியது அழகுக்காக இல்லை, சில்லுக்குப் பக்கத்தில், முடிந்தால் அதன் அடியிலேயே போய் உட்கார வேண்டும் என்பதற்காக. சர்வர் ரேக்குகளில் 12 வோல்ட்டை விட்டு 48-க்குப் போனதும் இதே கணக்குதான்: மின்னோட்டம் நாலில் ஒன்று, அதே கம்பியில் இழப்பு பதினாறில் ஒன்று.

ஒரு கன்வெர்ட்டரின் திறன் அடர்த்தி, அதாவது ஒரு கன அங்குலத்துக்கு எத்தனை வாட், இவ்வளவு என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எதை எதை உள்ளே சேர்த்து அளந்தீர்கள் என்று. ஃபில்டர் உண்டா, ஹீட்சிங்க் உண்டா, விசிறி எங்கே, அந்த வாட்டை எத்தனை நிமிடம் கொடுக்கும்? மாட்யூலை மட்டும் அளந்து சொல்லும் எண்ணும், பெட்டி மூடி சுவரில் மாட்டிய பிறகு வரும் எண்ணும் மூன்று நாலு மடங்கு விலகியிருந்தால் ஆச்சரியமில்லை. நேரமும் கணக்கில் வர வேண்டும். 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று போட்டிருக்கும் எலெக்ட்ரோலிட்டிக், அதே சூட்டில் ஓடினால் மூன்று மாதம்கூடத் தாண்டாது. ஒவ்வொரு 10 டிகிரி குறைந்தாலும் ஆயுள் இரட்டிக்கும் என்பது நடைமுறைக் கணக்கு, 65 டிகிரியில் வைத்தால் 32,000 மணி நேரம். பெட்டியைச் சுருக்கும்போது இந்தக் கெப்பாசிட்டரை டிரான்ஸ்ஃபார்மரோடு ஒட்டி வைக்கத் தோன்றும். வைத்தால் ஓடும், வாரண்டி முடியும்வரை.

மறுபடி அந்த 65 வாட் பெட்டிக்கு வருவோம். இரண்டு முறை பாதியாக்கினால் 19 கன செ.மீ கூட இல்லை, இழக்க அனுமதி 2 வாட். இந்த 2 வாட்டை யார் யாருக்குப் பங்கு போடுவது? முதல் ஆளாக பிளக்குக்குப் பின்னால் நின்று ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டயோடைப் பாருங்கள். எந்த நேரத்திலும் இரண்டு டயோடு வழியாக மின்னோட்டம் போக வேண்டும், ஒவ்வொன்றும் 0.9 வோல்ட் எடுக்கும். 230 வோல்ட்டில் செருகினால் சராசரி மின்னோட்டம் கால் ஆம்பியர்கூட இல்லை, இழப்பு 0.4 வாட், பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லா நாட்டிலும் ஓட வேண்டிய சார்ஜர் 90 வோல்ட்டிலும் ஓட வேண்டும். அங்கே மின்னோட்டம் 0.6 ஆம்பியரைத் தாண்டும், டயோடு மட்டும் 1.1 வாட்டைத் தின்றுவிடும். சுவிட்சுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஃபில்டருக்கும் சேர்த்து மிச்சம் 0.9. டயோடுகளைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் நாலு மாஸ்ஃபெட்டும் அவற்றை ஓட்ட ஒரு ஐசியும் வைத்தால் முக்கால்வாசி இழப்பு போய்விடும், அதற்கான ஐசிகள் கடையிலேயே கிடைக்கின்றன. அதையெல்லாம் வைக்க ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மேல் போர்டு வேண்டும், நாம் இப்போது வரைந்த பெட்டியில் அந்த இடத்தில் ஏற்கனவே கெப்பாசிட்டர் நிற்கிறது.